மன்னாரால் சுற்றிப் போன பயணம்

2024 சித்திரை வருசம் முடிந்த கையோடு, விடிய நாலரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டோம். வாடகைக்கு எடுத்த ஒரு வான். அண்ணா ஓட்டினான். அம்மா வழமைபோல ஒரு குடும்பம் இடம்பெயர்கிற அளவுக்குச் சாமான் கட்டியிருந்தா. புளிச்சோறு, அவித்த முட்டை, முறுக்கு, இரண்டு பெரிய போத்தல் தண்ணி, பிறகு ஆருக்கு எண்டு தெரியாமல் அஞ்சாறு பை பனங்காய்ப் பணியாரம்.

திட்டம் லேசானது. மன்னாரில் அம்மாவோட ஒண்டாப் படிப்பிச்ச ரீச்சர் வீடு. நீர்கொழும்பில் என்னுடைய கம்பஸ் சிநேகிதி. கொழும்பில் அண்ணாவின் கூட்டாளிமார். எல்லாருக்கும் போய்ப் பார்க்க ஆராவது இருந்தினம், அப்பாவைத் தவிர. அப்பா அப்படித்தான். வீட்டுக்கு வந்துபோகிற சிநேகிதர் எண்டு அவருக்கு ஒருத்தரையும் நாங்கள் கண்டதில்லை. வெளிக்கிட இரண்டு நாளுக்கு முதல் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க சொன்னார், "மன்னாரால போறதெண்டா புத்தளத்திலயும் ஒருக்கா இறங்குவம்." ஏன் எண்டு கேட்டதுக்கு, "ஒரு பெடியன் இருக்கிறான்" என்றார். பெடியனுக்கு வயது ஐம்பத்து மூன்று.

சங்குப்பிட்டிப் பாலத்தில் வெளிச்சம் வந்தது. இந்தப் பாலம் 2011இல்தான் திறந்தது. அதுக்கு முதல் இவ்விடத்தில் பாதையில் ஏறித்தான் கடக்க வேணும் என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவா, இந்த முறையும் சொன்னா. பூநகரி தாண்டினால் நெடுக வெட்டவெளி, வெயில், இடைக்கிடை மாடு. நான் நித்திரை. எழும்பேக்க மன்னார்த் தீவுக்குப் போகிற தாம்போதியில் நிண்டோம்.

மன்னாரைப் பற்றி நிறைய எழுத ஆசை. ரோட்டில் தங்கட பாட்டுக்கு நிக்கிற கழுதைகள், பள்ளிமுனையில் இருக்கிற அந்தப் பெரிய பெருக்கமரம், தென்கரை நெடுகச் சுத்துகிற காற்றாலைகள். ஆனால் நாங்கள் அங்க நிண்டது ஒரு மத்தியானம் மட்டும். அதில் முக்கால்வாசி நேரம் ரீச்சர் நண்டுக்கறியைக் கோப்பையில் போட்டுக்கொண்டே இருந்தா. அப்பா சரியாச் சாப்பிடவில்லை. போனை எடுத்துப் பார்க்கிறதும் வைக்கிறதுமாக இருந்தார்.

வரைபடத்தில் பார்த்தால் மன்னாரும் புத்தளமும் ஒரே கரைதான். நடுவில் வில்பத்துக் காடு. நாங்கள் மதவாச்சி, அநுராதபுரம், நொச்சியாகம என்று சுற்றிப் போனோம். அந்த வழியிலதான் அப்பா கதையைச் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு பேரும் ஒரே ரியூட்டரியில் ஏ.எல் படிச்சவை. அவற்ற வாப்பாவுக்கு இரும்புக்கடை, வீடு ஐந்துசந்திப் பக்கம். அப்பா பின்னேரங்களில் அங்கதான் கிடப்பாராம். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இயக்கம் வெளியேறச் சொன்னது. குடுத்தது இரண்டு மணித்தியாலம். நகை, காசு, காணி உறுதி எல்லாவற்றையும் பறிச்சுக்கொண்டுதான் அனுப்பினது. அந்த ஒக்டோபரில் வடக்கு முழுக்க 70,000க்கும் மேற்பட்ட ஆக்கள் இப்படிப் போனவை. பெரும்பாலானவை போய்ச் சேர்ந்த இடம் புத்தளம். இந்த விபரமெல்லாம் நான் கம்பசில் வாசித்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. வீட்டிலயும் இல்லை.

"நான் சந்தியில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்," அப்பா சொன்னார். "சனம் பையளோட போகுது. அவனும் போறான். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போறான். என்னைப் பாத்தவன். நான் கூப்பிடேல்ல."

வானில் ஒருத்தரும் கதைக்கவில்லை. அண்ணா பாட்டை நிப்பாட்டினான்.

பிறகு எங்க கண்டுபிடிச்சனீங்கள் என்று தம்பிதான் கேட்டான். ரியூட்டரி பட்ச் வட்ஸ்அப் குறூப் ஒன்று இருக்காம். இரண்டு வருசமாக இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காலை வணக்கம் போட்ட பூப்படம் அனுப்புகினம். அதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

புத்தளம் ரவுனுக்குள் போகேக்க பின்னேரம் நாலு மணி. உப்பளங்கள், களப்பு, ரோட்டோரத்தில் இங்கயும் கழுதைகள். அங்கிளின் வீடு ரவுனுக்கு வெளியே, வடக்கிலிருந்து வந்த ஆக்கள் இருக்கிற ஒரு குடியிருப்பில். ஓலைக் கொட்டிலில் தொடங்கி, பிறகு மண் சுவர், பிறகு கல் வீடு என்று அவர் வாசலிலேயே நிண்டு காட்டினார். கிணத்துத் தண்ணி சவர் என்றதால் குடிக்கிற தண்ணி வாங்குகினமாம்.

அவர் அப்பாவைக் கண்டதும் சொன்ன முதல் வசனம்: "டேய், நீ எனக்கு முப்பத்தஞ்சு ரூபா தரவேணும்."

அப்பா எதிர்பார்த்திருந்தது வேற என்னவோ. ஏதோ நோட்ஸ் போட்டோக்கொப்பி எடுத்த காசாம். அப்பாவுக்கு அது ஞாபகமே இல்லை. சந்தியில் நிண்டதைப் பற்றி அப்பா ஒருவழியாகக் கேட்டபோது, அங்கிளுக்கு அது ஞாபகமில்லை. "அண்டைக்கு நான் ஒருத்தற்ற முகத்தையும் பாக்கேல்ல மச்சான். தங்கச்சி அழுதுகொண்டிருந்தவள். அவளின்ர ஒரு செருப்பு விழுந்திட்டுது. அது மட்டுந்தான் ஞாபகம்."

முப்பத்து மூன்று வருசமாக அப்பா தூக்கித் திரிஞ்சது அவர் காணாத ஒன்றை. அப்பாவுக்கு அது நிம்மதியா, இல்லாட்டி இன்னும் மோசமா என்று அவற்ற முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல ஏலவில்லை.

அன்ரி இடியப்பமும் மீன்சொதியும் வட்டிலப்பமும் வைச்சா. மிளகாய்த்தூளை இண்டைக்கும் யாழ்ப்பாண முறையில் தானே வறுத்து இடிக்கிறா. அம்மாவும் அவவும் குசினியில் கறிவேப்பிலை எந்த நேரம் போடுகிறது என்று ஒரு மணித்தியாலம் தர்க்கம். அங்கிளின் மகளுக்குப் பதினாறு வயது. அவள் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "நீங்க எல்லாரும் வாப்பா மாதிரியே பேசுறீங்க. வாப்பா 'இஞ்சை வாங்கோ' எண்டா என்ட பிரண்ட்ஸ் சிரிப்பாங்க." அவளுக்கு யாழ்ப்பாணம் என்றால் வாப்பாவின்ர ஒரு பழக்கம், அவ்வளவுதான். அங்கிள் சொன்னார், "இஞ்ச நாங்கள் யாழ்ப்பாணத்தார். அங்க போனா புத்தளத்தார்."

அதிலதான் வந்தது விசயம். 2002இல் பாதை திறந்ததிலிருந்து அவர் யாழ்ப்பாணத்துக்குப் பத்துத் தரத்துக்கு மேல வந்திருக்கிறார். காணி அலுவல், பள்ளிவாசல் அலுவல், ஒரு கலியாணம். எங்கட வீட்டு ஒழுங்கையால ஓட்டோவில் போயும் இருக்கிறார்.

"ஏன்டா வரேல்ல?" அப்பாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வந்து என்னெண்டு சொல்லுறது? ரெண்டு தரம் கேற்றடியில நிண்டனான். உள்ள ஒரு சின்னப்பிள்ளை சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிட்டன்."

அந்தச் சின்னப்பிள்ளை நானாக இருக்கலாம், அண்ணாவாகவும் இருக்கலாம். அண்ணா என்னைப் பார்த்தான். அப்பா பேர்சைத் திறந்து ஒரு ஐம்பது ரூபாத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். அங்கிள் எழும்பிப் போய்ப் பதினைஞ்சு ரூபா சில்லறை தேடிக்கொண்டு வந்து அப்பாவின் கையில் எண்ணி வைத்தார். இரண்டு பேரும் சிரிச்சினம்.

அன்று இரவு அங்கேயே நிண்டோம். மீதிப் பயணம், சிலாபம் வழி முழுக்க வியாபாரமாகக் கிடக்கிற தென்னையும் கருவாடும், நீர்கொழும்புக் கடற்கரை, கொழும்பில் அண்ணாவின் கூட்டாளிமாரோட சாப்பிட்ட கொத்து, எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. என் சிநேகிதி கோவிப்பாள்.

ஆடி மாதம் அங்கிள் காணி அலுவலாக வந்தார். வரமுதலே போன் எடுத்துச் சொன்னார், எங்கட வீட்டிலதான் தங்குவன் என்று. அம்மா புதுசாக ஒரு சட்டி வாங்கினா. ஹலால் கோழி எங்க வாங்கிறது என்று அண்ணாவைக் கேட்டுக்கொண்டிருக்கேக்க, தான் போய் வாறன் என்று அப்பா சைக்கிளை எடுத்தார். ஐந்துசந்தி எங்கட வீட்டிலிருந்து பத்து நிமிசம்கூட இல்லை. எனக்குத் தெரிஞ்ச காலத்தில் அப்பா அந்தப் பக்கத்தால் போனதில்லை, பஸ்ராண்டுக்குப் போறதெண்டாலும் வேற ரோட்டால சுத்தித்தான் போவார்.

போனவர் ஒண்டரை மணித்தியாலம் கழிச்சுத்தான் வந்தார். கோழிப்பை ஹாண்டிலில் தொங்கினது. அம்மா ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனா.