உப்பளம் எந்தப் பாடத்தில் வரும்?

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர்கள் அறிவார்கள்: பாத்தியில் நீர் வற்றி உப்பு விளைந்ததும் ஆடவர் பலகையால் வாரிக் குவிப்பர், பெண்டிர் கூடையில் சுமந்து கரையேற்றுவர். அவ்வாறு சுமந்த ஒரு தாயின் மகன், இருபதாண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் ஓதிய மாணவன். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலை ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்முன் விரித்தான்.

“ஹஜ்ரத், எங்க அம்மா உப்புச் சுமக்கிறாங்களே, அது இதிலே எந்தப் பாடத்தில் வரும்?”

வரலாறும் புவியியலும் குடிமையியலும் பொருளியலும் அதில் இருந்தன. உப்புச் சுமப்பவரைக் காணோம். “அதெல்லாம் பாடத்தில் வராது தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவ்விடை நம் நெஞ்சில் நெடுநாள் உறுத்திற்று.

சமூக அறிவியல்கள் எவை? பொருளியல், அரசியல், சமூகவியல், மானிடவியல் என்பவற்றில் பெரும்பாலும் வழக்கில்லை. உளவியலும் புவியியலும் ஒரு காலை இயற்கை அறிவியலில் ஊன்றி நிற்பவை. வரலாற்றைப் பற்றியோ வழக்கு இன்னும் ஓயவில்லை. நம் நாட்டில் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கென 1969இல் ஒரு மன்றம் அமைந்தது. வரலாற்றுக்கெனத் தனி மன்றம் 1972இல் தோன்றிற்று.

மதரஸாவில் நாம் கற்ற பகுப்பு வேறு. வழிவழியாகக் கேட்டுப் பெறுபவை ‘நக்லீ’. அறிவால் ஆராய்ந்து பெறுபவை ‘அக்லீ’. இப்பகுப்பை விரித்துரைத்த இப்னு கல்தூன் 1377இல் முகத்திமாவை எழுதி முடித்தார். மனிதர் கூடி வாழ்வதை ஆராயும் கல்விக்கு ‘இல்முல் உம்ரான்’ எனப் பெயரிட்டு, அதனைத் தனித்ததொரு கல்வி என்றார். குலப்பற்று, நகரம், தொழில், வரி யாவும் அதில் அடங்கின. பெயர்ப் பலகையைப் பாராமல் கேள்வியைப் பார்த்தார் அப்பெருமகனார்.

அவ்வழியே உப்பளத்தை நோக்குவோம். உவர்நீர் உப்பாவது ஏன் என்பது வேதியியல். இக்கரையில் அளங்கள் அமைந்தது ஏன் என்பது புவியியல். சங்க கால உமணர் வண்டிகளும் 1930இல் இராஜாஜி வேதாரணியத்தில் அள்ளிய உப்பும் வரலாறு. உப்பு உற்பத்தியின் கட்டுப்பாடு அரசமைப்பில் ஒன்றியப் பட்டியலின் 58ஆம் இனமாக இருப்பது அரசியல். கூலியும் விலையும் பொருளியல். வாருபவர் ஆணாகவும் சுமப்பவர் பெண்ணாகவும் இருப்பது ஏன் என்பது சமூகவியல். வேலையற்ற மழை மாதங்களில் ஒரு தாயின் மனம் படும் பாடு உளவியல். உப்பு ஒன்றே, மனிதர் கூடி வாழ்வதால் எழும் கேள்விகள் பல. அக்கேள்வியைக் கேட்கும் கல்வி எதுவாயினும் அது சமூக அறிவியலே.

அண்மையில் அம்மாணவனைக் கண்டோம். பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவன், இப்போது உப்பு மூட்டைக் கணக்கு எழுதுகிறான். காலந்தாழ்த்திய இவ்விடையைச் சொல்லி, அன்று தவறிவிட்டோம் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தான்.

“என் மகள் இந்த வருஷம் பத்தாவது, ஹஜ்ரத். அவளிடம் இதைச் சொல்லுங்கள்” என்றான்.

வரும் வெள்ளிக்கிழமை அவன் இல்லம் செல்கிறோம்.