இறால் ஓடு

இந்தக் கட்டுரையை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதுகிறோம். ஒருவருக்கு வீடு விழுப்புரம், அலுவலகம் திண்டிவனம். மற்றவருக்கு வீடு திண்டிவனம், அலுவலகம் விழுப்புரம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நடுவில் நான்கு நிலையங்கள். காலை வேளைகளில் எங்கள் வண்டிகள் அவற்றுள் ஏதோ ஒன்றின் அருகே ஒன்றையொன்று கடந்துபோகும். இருப்புப்பாதைக் கணக்கில் இரண்டு ஊர்களுக்கும் இடையே 37 கிலோமீட்டர். முழு மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். நாம் தினமும் உட்கார்ந்தே போகும் தூரத்தைவிட ஐந்து கிலோமீட்டர்தானே அதிகம் என்று ஒரு மாலையில் விளையாட்டாகப் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் பிடித்தது ஓட்டப் பைத்தியம். அப்போது இருவருக்கும் வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்து முழங்கால்கள் நான்கு. அவற்றுள் பின்னாளில் வலித்தவை இரண்டு, ஆளுக்கு ஒன்றாக. எந்த வலி எவருடையது என்பது வாசகருக்கு அவசியமில்லை. நாங்களும் சொல்வதாக இல்லை.

ஞாயிறுதோறும் திண்டிவனத்துக் கிடங்கல் பக்கம் ஓடுவோம். இலக்கியம் வாசிப்பவர்களுக்குக் கிடங்கல் அறியாத பெயராக இருக்க முடியாது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊராக வரும் கிடங்கில் இதுதான். கடற்கரைப் பட்டினத்திலிருந்து உள்நாடு வரை பாணர் கூட்டம் நடந்து வருகிற பாட்டு அது. நடந்து நடந்து இளைத்துப்போன விறலியரின் பாதங்களை இளைஞர்கள் மெல்ல வருடிக் கொடுக்கும் காட்சி ஒன்று அதில் வருகிறது. கல்லூரியில் படித்தபோது அதை அழகு என்று மட்டும் நினைத்திருந்தோம். நாற்பத்தைந்து வயதில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்து வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான், அந்தப் புலவர் நெடுவழி நடந்து பார்த்த மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பட்டது.

ஆரோவில் மாரத்தான் எங்களுக்குப் பக்கத்து வீட்டுத் திருவிழா போல. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் முந்தியவர் பிந்தியவர் என்ற கணக்கில்லை. செம்மண் பாதையில் ஓடிய மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். 2019 பிப்ரவரியில் அங்கே அரை மாரத்தான் ஓடினோம். ஓடினோம் என்பது சற்று மிகை. கடைசி நான்கு கிலோமீட்டரை நடையென்றும் சொல்ல முடியாது.

வலி மறுவாரம் வந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு மந்தமான வலி. சமதரையில் நடந்தால் தெரியாது. ஏறும்போது பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும்போதுதான் தன் இருப்பைச் சொல்லும். விழுப்புரம் சந்திப்பின் நடைமேம்பாலப் படிகள் எங்களுக்கு அன்றாடப் பரீட்சையாயின. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கும் முதியவர்களோடு நாங்களும் ஓரமாக இறங்கினோம். எங்களை முந்திக்கொண்டு தடதடவென்று ஓடிய கல்லூரிப் பிள்ளைகளின் மேல் வந்த எரிச்சலுக்கு நியாயம் ஏதும் இல்லை.

உடன் ஓடும் நண்பர் ஒருவர் ஒரு குப்பியைப் பரிந்துரைத்தார். அறுபது மாத்திரைகள், நாளுக்கு இரண்டு, விலை ஆயிரத்தை ஒட்டி. குளுக்கோசமைன் 1500 மில்லிகிராம், காண்ட்ராய்ட்டின் 1200 மில்லிகிராம். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இவை அதைக் கட்டும் செங்கல்லும் சுண்ணாம்பும் என்று விளக்கினார். கேட்பதற்கு எவ்வளவு நிம்மதியான விளக்கம்! சுவர் இடிந்தால் செங்கல் வாங்கவேண்டும். கால் தேய்ந்தால் காலின் சரக்கை வாங்கவேண்டும். ஆட்டுக்கால் சூப்பை நம்பி மாலையில் தள்ளுவண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் தர்க்கமும் இதுவேதான். குப்பி என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் அறிவியல் போலத் தெரிந்தது.

ஆளுக்கொரு குப்பி வாங்கினோம். எங்களில் ஒருவர் சைவர். வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் பழுப்பு நிறப் புள்ளி பட்டது. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. 1876இல் ஜெர்மானியரான கெயோர்க் லெடர்ஹோஸ், அந்த ஓடுகளில் உள்ள கைட்டினை அடர் அமிலத்தில் இட்டு இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். காண்ட்ராய்ட்டினோ மாட்டின் மூச்சுக்குழல், சுறாவின் குருத்தெலும்பு போன்றவற்றிலிருந்து வருகிறது. ஓடுவதற்காக இறால் ஓட்டைத் தின்பதா என்று சைவர் அந்த வேதனையிலும் சிலேடை சொன்னார். தமது குப்பியை மற்றவரிடமே கொடுத்துவிட்டார். அதற்கு ஈடாக அவர் கைக்கொண்டது முடக்கத்தான். முடக்கு அறுத்தான் என்று பெயரிலேயே மருத்துவத்தை வைத்திருக்கும் கீரை. மாவில் அரைத்துச் சேர்த்து வாரம் மூன்று நாள் தோசை. நடுநடுவே பிரண்டைத் துவையல். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளாமல் பிரண்டையை நறுக்கிய முதல் நாளின் நமைச்சலில் முழங்கால் வலி சுத்தமாக மறந்துபோனது என்பதையும் உண்மைக்காகப் பதிவு செய்கிறோம்.

மே மாத முடிவில் ஒரு ஞாயிறு. இருவரும் சந்தித்து மேம்பாலப் படிகளில் இறங்கிப் பார்த்தோம். வலி இல்லை. மாத்திரை தின்றவர் மாத்திரையின் மகிமை என்றார். முடக்கத்தான் தின்றவர் முடக்கத்தானின் மகிமை என்றார். தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நடந்த அந்த வழக்கில் இருவருமே சாட்சிகள், இருவருமே வாதிகள். கத்திரி வெயிலுக்கு அஞ்சி ஏப்ரல், மே இரண்டு மாதமும் நாங்கள் ஓடவே இல்லை என்பது மட்டும் இருவருக்கும் நினைவு வரவில்லை.

ஜூனில் மறுபடி தொடங்கினோம். விட்ட தூரத்தைப் பிடித்துவிடும் வெறியில் முதல் ஞாயிறே பத்து கிலோமீட்டர். மூன்றாம் வாரம் இருவருக்கும் வலி வந்துவிட்டது. இருவருமே தத்தம் மருந்தை ஒருநாளும் தவறவிடாதவர்கள். அதற்குப் பிறகே ஓர் இயன்முறை மருத்துவரிடம் போனோம். அவர் எங்களை ஒற்றைக் காலில் மெல்ல உட்கார்ந்து எழச் சொன்னார். இருவரின் முழங்காலும் காற்றில் ஆடும் கதவைப் போல உள்நோக்கி மடங்கியது. சிரிக்காமல் இருக்க அவர் பாடுபட்டது தெரிந்தது. “உங்க முட்டி தேயல சார். தொடையும் இடுப்பும் பலமில்லாம, முட்டிச் சில்லு மேல சுமை ஏறுது. திடீர்னு தூரத்தைக் கூட்டுனா கேக்கத்தான் செய்யும்” என்றார். பத்து நிமிடப் பயிற்சி ஒன்றை எழுதிக் கொடுத்தார். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னார். குப்பியைப் பற்றிக் கேட்டதற்கு, அது இந்த வலிக்கான சரக்கே அல்லவே என்றார்.

அலுவலகம் முடிந்த மாலைகளில் படிக்கத் தொடங்கினோம். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி விரியும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதைப் போல, அசைவின்போது மூட்டு நீரிலிருந்துதான் அது தன் ஊட்டத்தைப் பெறுகிறது. விழுங்கிய செங்கல் நேரே சுவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களின் கால் தேய்ந்துவிடும் என்ற ஊர்ப்பேச்சையும் 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மறுக்கிறது. இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு கண்டவர்கள் அப்படி ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2, போட்டிக்காக உயர்மட்டத்தில் ஓடுபவர்களில் 13.3. இதைப் படித்தபோது முதுகை யாரோ தட்டிக் கொடுத்தது போலிருந்தது.

மாத்திரையைப் பற்றிய முக்கியமான ஆய்வு அமெரிக்க அரசின் நிதியில் நடந்து 2006இல் வெளியானது. முழங்கால் தேய்ந்து வலியால் அவதியுறும் 1583 பேர், ஆறு மாத காலம். எங்களைப் போல ஓடிக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றிய ஆய்வு அன்று என்பதை முதலில் குறித்துக்கொண்டோம். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்ததா என்பது கேள்வி. இரண்டும் சேர்ந்த மாத்திரையைத் தின்றவர்களில் 66.6 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தின்றவர்களில் 60.1 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. இந்த இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியதுதான். வலி கடுமையாக இருந்த சிலரிடம் மட்டும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் மேலும் சோதிக்காமல் அதை முடிவாகக் கொள்ள இயலாது என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். ஸ்பெயினில் அப்படிச் சோதித்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் வெற்று மாத்திரையே முந்திவிட, ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். 2020இல் வெளியான அமெரிக்க முடக்குவாதவியல் கல்லூரியின் பரிந்துரை, முழங்கால் தேய்வுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறது. ஐரோப்பிய நிபுணர் குழு ஒன்று மருத்துவர் சீட்டில் தரப்படும் குறிப்பிட்ட வகைக் குளுக்கோசமைனுக்கு இன்னும் ஆதரவாக இருக்கிறது. சண்டை முற்றாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

எங்களைப் பிடித்துக்கொண்டது அந்த 60.1. வெறும் மாவைத் தின்ற நூறு பேரில் அறுபது பேர் படியிறங்கிப் பார்த்து வலி குறைந்தது என்றிருக்கிறார்கள்! எங்கள் தேநீர்க் கடை வழக்கின் தீர்ப்பு 2006இலேயே எழுதப்பட்டுவிட்டது.

கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் அம்மா. எங்களில் ஒருவரைப் பெற்றவர். மற்றவரும் அம்மா என்றே அழைக்கிறார். அப்போது எழுபத்தொரு வயது. மணிலாக் கொல்லைகளில் குந்தி உட்கார்ந்து நாற்பது வருடம் களை வெட்டிய கால்கள். மாத்திரைக் குப்பிகள் அந்த வீட்டின் அலமாரியில்தான் இருந்தன. பயிற்சி பலித்து, வலியும் ஒருவாறு அடங்கி, நாங்கள் மீதிக் குப்பியைத் தூக்கி எறிய இருந்த நாளில் அம்மா கேட்டார்.

“இன்னாபா அது, முட்டி மாத்திரையா? எனக்கும் ரெண்டு குடேன்.”

அந்தக் கேள்வி எங்கள் இருவரையும் வாயடைக்கச் செய்தது. பொழுதுபோக்குக்கு ஓடி நோகவைத்துக்கொண்ட காலுக்கு ஆயிரம் ரூபாய்க் குப்பி வாங்கினோம், அமெரிக்க ஆய்வெல்லாம் படித்தோம். அந்த ஆய்வுகள் எல்லாமே அம்மாவைப் போன்றவர்களின் கால்களைப் பற்றியவை. அம்மாவுக்கு நாங்கள் வாங்கித் தந்திருந்தது ஒரு தைலப் புட்டி மட்டுமே. வயதானால் கால் வலிக்கும் என்று சொல்லிவைத்திருந்தோம்.

மருத்துவரிடம் அழைத்துப் போனோம். எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கு நடுவே இருக்கவேண்டிய இடைவெளி ஒரு பக்கம் ஏறக்குறைய இல்லை. காலை நீட்டி மடக்கும் பயிற்சி, கொஞ்சம் எடைக் குறைப்பு, கைத்தடி, தேவைப்பட்டால் பிற்பாடு அறுவை என்றார் மருத்துவர். குப்பியைக் காட்டினோம். அம்மா சாப்பிடும் மற்ற மருந்துகளையும், மீன், நண்டு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் விசாரித்துவிட்டு, “கெடுதல் இல்லை, குடுங்க. பெருசா எதிர்பார்க்காதீங்க” என்றார். நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது என்று சொன்னபோது அம்மா சிரித்துவிட்டார். “மரக்காணத்து நண்டு எவ்ளோ ஆக்கித் தின்னுட்டு ஓட்டை வாரிக் குப்பையில போட்டோம்! மருந்தை எல்லாம் கொட்டிட்டமே.”

ஒரு மாதத்தில் அம்மா திந்திரிணீசுவரர் கோயிலுக்கு நடந்து போய்வந்தார். முட்டி தேவலை என்றார். காலையில் மாத்திரை போட்ட கையோடு கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நீட்டிப் பத்து எண்ணி மடக்குவார். மாத்திரை போடாத நாளில் பயிற்சியும் இல்லை. அவருக்கு இரண்டும் ஒரே வைத்தியம். பயிற்சிக்குப் பலன் உண்டு என்பதில் மருத்துவ உலகில் சண்டை இல்லை. சண்டை மாத்திரையைப் பற்றித்தான்.

சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் வாரக்கணக்கில் வாதிட்டோம். நாலு பேருக்கு உண்மை சொல்லிக் கட்டுரை எழுதுகிறவர்கள் பெற்றவளிடம் மறைப்பதா என்றார் ஒருவர். அந்தத் தாயாருக்குக் கோயில் வரை நடை கிடைத்திருக்கிறது, அதைப் பறிக்க உமக்கு எவர் அதிகாரம் தந்தது என்றார் மற்றவர். மாதம் ஆயிரம் ரூபாய் என்பதும் எங்களுக்கு அலட்சியமான தொகை அன்று. கடைசியில், குப்பி முடியும் தறுவாயில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். வெற்று மாத்திரை, அறுபது பேர், கால் நீட்டுவதுதான் வேலை செய்கிறது என்பது வரை.

அம்மா கவனமாகக் கேட்டார். குப்பியை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

“சரி, வெறும் ஓடுதான். நீங்க ரெண்டு பேரும் எங்கயோ ஓடிப்போயி திரும்ப வூட்டுக்கே வரீங்களே, அது இன்னாத்துக்குன்னு நான் என்னிக்காவது கேட்டனா?”

சொல்லிவிட்டு ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து, வலது காலை நீட்டி எண்ணத் தொடங்கினார். ஆறுக்குப் பிறகு நேரே எட்டுக்குப் போனார். நாங்கள் திருத்தவில்லை.