டிராகனைக்கூட சமாளிக்கலாம்!

'க்ளாங்க்!' என்று ஒரு போர்டு கேம். 2016-ல் வந்தது. டிராகன் குகைக்குள் நைசாக இறங்கி, புதையலைச் சுட்டுக்கொண்டு வெளியே வரணும். சத்தம் போட்டால் உங்கள் கலர் கட்டை ஒன்று பைக்குப் போகும். டிராகன் சீறும்போது பையைக் குலுக்கி எடுப்பார்கள். உங்கள் கலர் வந்தால் அடி உங்களுக்கு!

அடியாழத்தில் 30 பாயிண்ட் பொருள். நான் (ஆசை யாரை விட்டது?) அதற்குத்தான் போவேன். டிராகனைக்கூட சமாளிச்சிடலாம் சார். 5 பாயிண்ட் பொருளோடு முதல் ஆளாக வெளியேறுகிற நண்பன்தான் எமன். ஆபீஸிலும் அவன் 5 மணிக்கே கிளம்புகிற ரகம். வெளியே வந்தாலே 20 பாயிண்ட் போனஸ்! அதோடு, அவன் முறை வரும்போதெல்லாம் டிராகன் எங்கள் மேல் பாயும். சில சுற்றுக்குள் ஏறி வராவிட்டால் ஆள் குளோஸ். அடியாழத்திலேயே விழுந்தால் அந்த 30-ம் பூஜ்யம்.

அவன் ஹாயாக காபி குடித்தபடி பையைக் குலுக்குகிறான்...