ஒரு டம்ளர் வெந்நீர்

மகனுக்குப் பெரிய கார் வாங்க ஆசை. எனக்கும்தான், ரகசியமாக. அறுபதைத் தாண்டிய முழங்கால், தாழ்வான காரிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் முனகுகிறது. “ஏறி உக்காந்தா ராஜா மாதிரி இருக்கும்பா” என்று ஷோரூமுக்கு அழைத்துப் போனான். விற்பனைப் பையனுக்கு மைலேஜ், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச் எல்லாம் மனப்பாடம். “எடை எவ்வளவுப்பா?” என்றேன். “லோடு ஏத்தப் போறீங்களா சார்?” என்றான்.

நீங்களும் உங்கள் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பாருங்களேன். ‘அன்லேடன் வெயிட்’ என்று ஓர் எண் இருக்கும். பழைய மாருதி 800 என்றால் சுமார் 650 கிலோ. இன்று தி.நகர் சந்துகளில் முட்டிக்கொள்ளும் ஏழு சீட்டர்களில் சில இரண்டு டன்.

அதனால் என்ன? ஒரு டன் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சிவப்பு விளக்கு. பிரேக். அந்த ஓட்டத்தின் சக்தி முழுக்க பிரேக்கில் சூடாகி வீணாகிறது. எவ்வளவு சூடு? ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்கவைக்கும் அளவு. இரண்டு டன் காருக்கு இரண்டு டம்ளர். பச்சை விழுந்ததும் அதே சக்தியை மறுபடி பெட்ரோல் எரித்துத்தான் சம்பாதிக்க வேண்டும். எரிந்த ஒவ்வொரு லிட்டரும் 2.3 கிலோ கரியமில வாயு. மின்சாரக் காரும் பாட்டரியால் கனம்தான். ஆனால் அது பிரேக் போடும்போது டம்ளரில் ஒரு பங்கைத் திரும்ப பாட்டரிக்குள் ஊற்றிக்கொள்கிறது.

லஸ் கார்னரிலிருந்து பனகல் பார்க் வரை ஒரு சனிக்கிழமை மாலை எண்ணினேன். பதினாறு தடவை நின்றேன். எல்லாம் 40-ல் இல்லை. 20-ல் நின்றால் கால் டம்ளர்தான். இருந்தாலும் ஒரு சின்ன டீக்கடைக்கு ஆகும்.

இத்தனைக்கும் சாலை வரி எதைப் பார்க்கிறது? விலையை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ‘விலை கூடினால் எடையும் கூடத்தானே செய்யும்?’ என்பீர்கள். ஓரளவுக்குத்தான். 15 லட்சத்துக்கு 1,100 கிலோ செடானும் வாங்கலாம், 1,700 கிலோ எஸ்.யு.வி.யும் வாங்கலாம். வரி இரண்டுக்கும் அதே 2 லட்சத்து 70 ஆயிரம். டில்லியோ நீளத்தை அளக்கிறது. 4 மீட்டருக்குள், சின்ன எஞ்சின் என்றால் 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 18, மீறினால் 40. டேப் இருக்கிறது, தராசு இல்லை.

தராசு உள்ள ஒரே இடம் கார் கம்பெனிகளுக்கான புகை விதி. கிலோமீட்டருக்கு சராசரி 113 கிராம் என்பது 2022-ல் வந்த கணக்கு. அங்கேயும் வேடிக்கை பாருங்கள்: கம்பெனி விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால், அனுமதிக்கும் புகையும் கூடுகிறது! குண்டானவருக்கு ஒரு கரண்டி சாதம் அதிகம்.

ஆச்சரியம், நம் ஊர் 1974 வாகன வரிச் சட்டத்தின் பழைய அட்டவணையில் காருக்கு 700 கிலோ, 1,500 கிலோ என்று எடைப்படியேதான் வரி. ஜப்பானில் இன்றும் எடை வரி உண்டு. பாரிஸில் 2024 அக்டோபரிலிருந்து 1.6 டன்னைத் தாண்டிய பெட்ரோல், டீசல் காரை வெளியூர்க்காரர் நிறுத்தினால் பார்க்கிங் கட்டணம் மூன்று மடங்கு. நாம் கைவிட்டதை அவர்கள் கையில் எடுத்திருக்கிறார்கள்.

முழங்கால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கூரை உயரமான, ஒரு டன்னுக்கும் குறைந்த சின்ன கார் ஒன்று கிடைத்தது. சீட்டும் உயரம், முனகல் இல்லை. மகன் இரண்டு நாள் பேசவில்லை. வரி 13 சதவீதம்தான், கார் மலிவு என்பதால். அது லேசானது என்பதற்காக யாரும் ஒரு பைசா குறைக்கவில்லை.