அப்பப்பாவின் கொப்பியில் ஒரு 'ஊ'

அப்பப்பாவின் பிஸ்கற் ரின்னுக்குள் பத்து சேதுக் காசுகள் இருந்தன. அந்த ரின்னைப் பற்றி எங்கட வீட்டில் கதைக்காத ஆளில்லை. 1990 ஆவணியில் வேலணையை விட்டு எல்லாரும் ஓடினபோது அப்பம்மா தையல் மெசினை விட்டிட்டு வந்தவ, அப்பப்பா இந்த ரின்னை விடேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் இது சைக்கிள் கூடைக்குள் இருந்ததாம். சின்ன வயதில் நாங்கள் அதைத் தொடக்கூடாது. "ராசா காலத்துக் காசு" எண்டு அப்பா சொல்லுவார்.

அப்பப்பா போய்ச் சில வருசங்களுக்குப் பிறகு, கலைப்பீடத்தில் மூன்றாம் வருட ஆய்வுக்குத் தலைப்பு அம்பிடாமல் திரிஞ்ச நேரம், அந்த ரின் ஞாபகம் வந்தது. எல்லாம் அங்கதான் தொடங்கினது.

சேதுக் காசு பார்க்காத ஆக்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கிற ஓர் உருவம். மறுபக்கம் படுத்திருக்கிற நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. இந்தச் சொல்லை வைத்து ஒருகாலம் இதை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு எண்டே எழுதினார்கள். சுவாமி ஞானப்பிரகாசரும், 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கொட்றிங்ரனும்தான் இவற்றை யாழ்ப்பாண அரசர்களுடையவை என்று நிலைநிறுத்தினார்கள். பேராசிரியர் புஷ்பரட்ணம் தமிழில் எழுதிய நாணய நூல் எங்களுக்குப் பாடப்புத்தகம் மாதிரி. இவ்வளவும் நல்ல காசைப் பற்றி. கள்ளக் காசைப் பற்றித் தமிழில் ஒரு கைநூல் தேடினேன். ஒண்டும் அம்பிடேல்லை.

ரின்னுக்குள் ஒரு சின்னக் கொப்பியும் இருந்தது. காசு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், வாங்கின வருசம், இடம், விலை. சில வரிகளின் கடைசியில் மட்டும் ஒரு 'ஊ'. எனக்கு உடனே விளங்கிவிட்டது (அப்படித்தான் நினைத்தேன்): ஊ என்றால் ஊர்காவற்றுறை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிற பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஊராத்துறையைப் பற்றித்தானே பேசுகிறது. பரதேசி வியாபாரிகள் அந்தத் துறைக்கு வரவேண்டும் என்றும், யானை குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசுக்கு, முக்கால்பங்கு உரியவருக்கு என்றும் அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட துறையில் பழங்காசு கிடைக்காமல் வேறு எங்க கிடைக்கும்? ஊர்காவற்றுறையை நடுவில் வைத்து ஒரு வாரமாக வரைபடம் கீறினேன். கலர் பென்சில் எல்லாம் வாங்கினேன். விரிவுரையாளருக்கும் சந்தோசம்.

பிறகு ஒரு நாள் காசுகளை ஸ்கான் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்று காசுகளில், விளிம்பின் ஒரே இடத்தில், ஒரே வெட்டு.

இதில்தான் முழு விசயமும் இருக்கு. காசு அடிப்பது என்றால் இரண்டு அச்சுக்கு நடுவில் உலோகத் துண்டை வைத்து மேலே ஓங்கி அடிப்பது. ஒரே அச்சில் நூறு காசு அடிக்கலாம், படம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு துண்டு, வேறு அடி. ஒன்று இடப்பக்கம் சரிந்திருக்கும், ஒன்றில் நந்தியின் வால் வெளியில் போயிருக்கும், ஒன்றின் விளிம்பு வெடித்திருக்கும். கைமாறிக் கைமாறி வருகிற கீறல்களும் ஒவ்வொன்றுக்கும் தனி. இரண்டு காசில் ஒரே கீறலும் ஒரே விளிம்பு வெட்டும் இருந்தால், ஒரு காசை வைத்து அச்செடுத்து உருக்கின உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதோடு வார்த்த காசில் குண்டூசி முனையளவு காற்றுக் குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் கூராக இராது, சவர்க்காரம் கரைஞ்ச மாதிரி இருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சும் சந்தித்த கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் அராவின அடையாளம் தெரியும். நிறையை மட்டும் நம்பக்கூடாது. எங்கட ஊர்ப் பத்தர் ஒருவரின் தராசில் பத்தையும் நிறுத்தேன். நல்லதெண்டு நான் நினைத்த காசுகளே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை.

மூன்று காசின் இலக்கத்தையும் கொப்பியில் பார்த்தேன். மூன்றுக்கும் ஊ. ஆனால் ஒன்றுக்கு நேரே இடம் "குறிகட்டுவான் இறங்குதுறை, 2003" எண்டு வடிவாக எழுதியிருந்தது. ஊர்காவற்றுறை இல்லை. ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு தெற்கிலிருந்து சனம் நாகவிகாரைக்கு அலையலையாக வந்த காலம் அது. படகுக்கு நிற்கிற வரிசையில் பழங்காசு விற்ற ஆக்களை அப்பாவுக்கும் ஞாபகம் இருக்கு.

ஊ என்றால் ஊத்தினது.

கொப்பியை மூடிவிட்டுக் கனநேரம் இருந்தேன். என்ர வரைபடம் போனது ஒரு கவலை. அப்பப்பா ஏமாறவில்லை, தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய விசயம். 1 முதல் 4 வரை ஊ இல்லை, அவை இடம்பெயர்ந்தபோது கூட வந்தவை. மற்ற ஆறும் 2002க்குப் பிறகு வாங்கினவை, ஆறுக்கும் ஊ. ஒவ்வொரு ஊவுக்குக் கீழேயும் ஒரு வரி: "குழி", "கோடு", "5ஓடு ஒப்பிடுக". மனுசன் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கள்ளக் காசைச் சேர்ப்பது விசர்வேலை இல்லை. ஜேர்மனியில் பெக்கர் என்று ஒருவர் (1772–1830) பழைய கிரேக்க, ரோமக் காசுகளைப் போல அச்சு வெட்டி அடித்தார். புதுப் பளபளப்புப் போக, இரும்புத்தூள் போட்ட பெட்டிக்குள் காசுகளை வைத்துக் குதிரை வண்டியில் ஊர் சுற்றினாராம். அவருடைய போலிகளுக்கென்றே ஹில் என்ற ஆங்கில அறிஞர் ஒரு நூல் எழுதினார். முதற்பகுதி வந்தது கொட்றிங்ரனின் நூல் வந்த அதே 1924இல். அமெரிக்காவில் ஹென்னிங் என்பவர் வெறும் ஐந்து சதக் குற்றியைக் கள்ளமாக அடித்தார். 1944ஆம் ஆண்டு போட்டவர், அந்த யுத்தகாலக் குற்றிகளின் பின்பக்கம் பெரிதாக இருக்கிற எழுத்தைப் போட மறந்துவிட்டார். அந்தப் பிழைக் குற்றியை இன்று ஐந்து சதத்தை விடப் பலமடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். எங்கட நாட்டிலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகளைப் பார்த்து உள்ளூரில் செய்த காசுகள் இருக்கின்றன. அவை யாரையும் ஏமாற்றச் செய்தவையா, சில்லறைத் தட்டுப்பாட்டுக்குச் செய்தவையா என்பது வேறு கதை. கடையில் மாற்றச் செய்த கள்ளக்காசு ஒரு சாதி, சேகரிப்பவரை ஏமாற்றச் செய்த போலி இன்னொரு சாதி. குறிகட்டுவான் காசு இரண்டாவது.

ஆக, புத்தகம் போடுவது என்று முடிவெடுத்தேன். நாற்பது பக்கம், ஆறு போலியும் நாலு நல்லதும், பக்கத்தில் பக்கத்தில் படம். அம்மா முதல் கேட்டது, "பொலிஸ் பிடிக்காதோ?" 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை ஏமாற்றும் எண்ணத்தைத்தான் பார்க்கிறது, போலியைப் போலி என்று சொல்லி அச்சடிப்பதில் யாரை ஏமாற்றுகிறேன் என்று விளக்கினேன். அப்பா கேட்டது அதைவிடக் கஷ்டமானது. "உன்ர அப்பப்பா கள்ளக்காசு வைச்சிருந்தவர் எண்டெல்லே சனம் கதைக்கும்?"

எங்கட பக்கத்தில் சொந்தக் காசில் புத்தகம் போட்டவர்களுக்கு மிச்சம் தெரியும். கொழும்புத் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எடுப்பது லேசு. நான் யூனிகோட்டில் அடித்ததை அச்சகம் பாமினிக்கு மாற்றியபோது 'சேது' எல்லாம் 'செது' ஆனது, நாணயப் புத்தகத்தில்! கறுப்பு வெள்ளையில் போட்டால் செலவு பாதியாகும், ஆனால் களிம்பின் நிறம் தெரியாவிட்டால் இந்தப் புத்தகம் எதுக்கு? பிறகு வெளியீட்டு விழா. மண்டபம், வாழ்த்துரை, முதற்பிரதி வாங்க ஒரு வர்த்தகர், சிறப்புப் பிரதி வாங்க வருகிறவர்களின் என்வலப். இந்த என்வலப்புகளை நக்கலடிக்கிற ஆள்தான் நானும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கனபேரின் அச்சகக் கடனை அடைத்தது அதுதான்.

இன்னொரு பயமும் இருந்தது. போலியில் என்ன பிழை எண்டு எழுதினால், அடுத்த முறை ஊத்துறவன் அதைத் திருத்த மாட்டானா? யோசித்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பிழையைக் காட்டுவேன், அது ஏன் வந்தது, எப்படித் தவிர்க்கலாம் என்பதை எழுதமாட்டேன். பழசாக்குகிற முறைகளும் இல்லை. அரைகுறைத் தீர்வுதான்.

காசுக்கு லண்டன் சித்தப்பா கைகொடுத்தார். "ஐயாவின்ர பேரில போடு, நான் தாறன்." பாதி அனுப்பியும் விட்டார். அதற்குப் பிறகுதான் கொப்பியின் கடைசிப் பக்கத்தை வடிவாகப் பார்த்தேன். 11ஆம் இலக்கம். ரின்னுக்குள் பத்துத்தான் இருந்தது. "11. 2004. ஊ. 5ஓடு ஒப்பிடுக. சின்னவனுக்கு."

சின்னவன் சித்தப்பா. 2004இல் வந்து நின்றபோது அப்பப்பா குடுத்த சேதுக் காசைப் பத்தரிடம் தங்க விளிம்பு கட்டி, பென்ரனாக இன்றுவரைக்கும் கழுத்தில் போட்டிருக்கிறார். அவருடைய பேஸ்புக் படத்திலும் அதுதான்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல காசைக் குடுத்து விட்டிருந்தா கட்டுநாயக்காவில அவனைப் பிடிச்சிருப்பாங்கள்" என்றார். தொல்பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது என்பது உண்மைதான், 1940ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கு. ஆனால் அப்பப்பா அதை நினைச்சுத்தான் குடுத்தாரா, நல்லதைக் குடுக்க மனமில்லாமல் குடுத்தாரா என்பதைக் கொப்பி சொல்லாது. அப்பா முதலாவதை நம்புகிறார். எனக்கு நாளுக்கு ஒரு மாதிரி.

சொல்லாமல் மிச்சக் காசையும் வாங்கியிருக்கலாம். 11ஐ விட்டுவிட்டுப் பத்தோடு புத்தகத்தை முடித்திருக்கலாம். இரண்டையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எடுத்து, கொப்பிப் பக்கத்தைக் கமராவில் காட்டினேன்.

சித்தப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் கடையில் நிண்ட காலத்துக் கதை சொன்னார். லண்டனில் பழைய வட்டமான ஒரு பவுண் குற்றியில் முப்பதுக்கு ஒன்று கள்ளம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது. 2017இல் பன்னிரண்டு பக்கக் குற்றி வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. கல்லாவில் கள்ளக் குற்றி விழுந்தால் முதலாளி தன்ர சம்பளத்தில் கழிப்பார் எண்டும், தான் அவற்றை எறியாமல் ஒரு போத்தலில் போட்டு வைச்சிருந்தவர் எண்டும் சொன்னார். "ஐயாவின்ர பழக்கம் எனக்கும் இருந்திருக்கு" என்று சிரித்தார். சிரிப்பு நிண்டதும் பென்ரனைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

நந்தி தெரிந்தது. பிறை தெரிந்தது. காற்றுக் குழிகள் இருப்பது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வெட்டு இருக்கவேண்டிய இடத்தைத் தங்க விளிம்பு மூடியிருந்தது.

"கழட்டிப் பாக்கட்டோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லமுதல், "வேண்டாம். புத்தகத்தில போடு. என்ர பேரைப் போடாத" என்றார். மிச்சக் காசு செவ்வாய்க்கிழமை வந்தது.

அச்சகத்துக்குக் கடைசித் திருத்தம் போன கிழமை குடுத்தேன். 11ஆம் இலக்கத்துக்கு மட்டும் விளிம்புப் படம் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி இருக்கிறது: "தங்க விளிம்பு, கழற்றப்படவில்லை." இந்தமுறை 'சேது' சரியாக வந்திருக்கு, எண்ணிப் பார்த்தேன்.