இல்லாத சுவரைத் தோண்டுகிறவர்கள்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் மாளிகைமேட்டை எட்டிப் பார்ப்பதில்லை. கோயிலுக்குத் தென்மேற்கே, உட்கோட்டை ஊரையொட்டித்தான் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் அரண்மனை நின்ற இடம். கண்ணுக்குக் கிடைப்பவை செங்கல் அடித்தளங்களே. மாநிலத் தொல்லியல் துறை 1980களிலிருந்து விட்டுவிட்டுத் தோண்டி வெளிக்கொணர்ந்தவை அவை.

நான் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. சதுரக் குழிகளுக்குள் குந்தியிருந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்கள். மண்வெட்டி மேல்மண்ணோடு சரி. அதற்குக் கீழே சின்னக் கொத்தும் பிரஷும்தான். வழித்த மண் பாண்டில் ஏறிச் சல்லடைக்குப் போகிறது. கூரை ஓட்டுத் துண்டு, இரும்பு ஆணி, கண்ணாடி வளையல் முறி, எப்போதாவது சீனப் பீங்கான் சில்லு தங்கும்.

ஒரு குழியில் வெறும் மண் மட்டுமே தெரிந்தது. "இங்க என்னக்கா இருக்கு?" என்றேன்.

"செவுரு போயிருக்குங்க."

செங்கல் ஒன்றுகூட இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைய வச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் இறுகிக் கெடக்கு, நடுவுல பொலபொலன்னு வருது. கல்லப் பேத்துக்கிட்டு மண்ணத் தள்ளிட்டாங்க" என்றார்.

தொட்டுப் பார்த்தேன். அப்படியே இருந்தது. பிற்காலத்தில் கட்டட வேலைக்காக அரண்மனைச் செங்கல்லைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சுவர் போன பள்ளத்தில் விழுந்த மண் பக்கத்து மண்ணோடு ஒட்டாது. நிறமும் ஒரு மாற்றுக் குறையும். அந்த எல்லையைக் கவனிக்காமல் ஒரே வெட்டாக வெட்டினால், சுவர் இருந்ததற்கான சாட்சியும் பாண்டில் ஏறிப் போய்விடும். மறுபடி தோண்டிப் பார்க்க வழியில்லை.

கல்வெட்டு அரண்மனையைப் பெருமிதமாகச் சொல்கிறது. வீரராஜேந்திரன் காலத்தில் மாளிகைக்குச் சோழகேரளன் என்றும், அரியணைக்கு ராஜேந்திர சோழ மாவலி வாணராஜன் என்றும் பெயர். கூரை வேய்ந்த விதத்தை ஓடும் ஆணியும்தான் சொல்கின்றன. அழிவுக்கும் ஓரளவு எழுத்து உண்டு: 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலின் கருங்கல்லைப் பெயர்த்தது ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இருக்கிறது. மேட்டில் செங்கல் எடுத்த குடியானவர் எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர் வெட்டிய பள்ளமே ஆவணம். அதைப் படித்தவர் இந்த அக்கா.

அகழாய்வு அறிக்கையில் குழியின் எண் இருக்கும், ஆழம் சென்டிமீட்டரில் இருக்கும். மண் மாறியதை முதலில் உணர்ந்த கையின் பெயரும் அதே வரியில் இருந்தாக வேண்டும். அது நன்றிக்காக அல்ல; கண்டவர் யார் என்பதும் சான்றின் ஒரு பகுதி.

பக்கத்தில் ஆய்வு மாணவர் ஒருவர் வரைதாளில் அந்தப் பள்ளத்தை நேர்கோடாக இழுத்துக்கொண்டிருந்தார். "தம்பி, அந்த மூலையில திரும்புது, பாத்துக் கீறுங்க" என்றார் அக்கா. மாணவர் பென்சிலை வைத்துவிட்டு இறங்கினார். இன்னும் இரண்டு விரற்கடை வழித்ததும் பொலபொலத்த மண் மேற்கே ஒடித்துக்கொண்டு போனது. அடுத்த குழிக்கு அந்தப் பக்கமாகக் கயிறு கட்டினார்கள்.