பாரணை இல்லாத பட்டினி

விரதம் நம்மவர்க்குப் புதியதன்று. வெள்ளிதோறும் ஒருபொழுது உண்ணும் தாய்மாரையும், கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசமிருக்கும் கன்னியரையும் நாம் அறிவோம். ஆயின், எந்த விரதத்துக்கும் பாரணை என்றொரு முடிவு உண்டு. ஏழாம் நாட் காலையில் இலையின் முன் அமர்பவளின் முகத்தில் ஒரு நிறைவு தோன்றும். பாரணையே இல்லாத பட்டினியும் உலகில் உண்டு. அது விரதமன்று, நோய். அதனை வைத்தியர்கள் ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்பர். பருத்துவிடுவோமோ என்ற அச்சம் நெஞ்சிற் குடிகொள்ள, உடல் எலும்பாய்த் தேய்ந்த பின்னும் உணவை மறுத்து நிற்பது அதன் இயல்பு. ஆண்களையும் அது விடுவதில்லை. எனினும் இளம் பெண்களையே பெரிதும் பற்றுகின்றது.

இஃது இக்கால நாகரிகத்தின் வரவு என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. இலண்டன் வைத்தியர் சேர் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டிலேயே இந்நோய்க்கு இப்பெயரைச் சூட்டினார். 1866 ஜனவரியில் 17 வயதுப் பெண்ணொருத்தி அவரிடம் அழைத்து வரப்பட்டாள். 5 அடி 5 அங்குல உயரமுடைய அவளது நிறை 82 இறாத்தல். 1868 மார்ச்சில் அவள் 128 இறாத்தல் நிறையுடன் நலம் பெற்றிருந்தாள். நோயுற்ற முகத்தையும் தேறிய முகத்தையும் படமாக அச்சிட்டு உலகுக்குக் காட்டினார் கல். காலந் தவறாது உணவூட்டலே அவர் வற்புறுத்திய மருந்து. ஆனால், இந்நோயாளரைப் பராமரிக்க உற்றார் உறவினர் பெரும்பாலும் சற்றும் பொருந்தாதவர் என்றும் எழுதி வைத்தார். இங்கேதான் என் மனம் அவரோடு உடன்பட மறுக்கின்றது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி வகுப்பில் முதன்மையானவள். மதிய உணவைத் தோழியர்க்குப் பகிர்ந்துவிட்டு, “இன்று எனக்கு விரதம்” என்பாள். மறுநாளும் விரதம், அதற்கடுத்த நாளும் விரதம். தாய் அழுதாள், தந்தை அதட்டினார், பாட்டி நூல் கட்டினாள். வைத்தியரோ, “இதைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள், இது நோய். உணவே மருந்து. வேளை தவறாமல் அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களே” என்றார். அன்று தொட்டு மூவேளையும் பெற்றோரில் ஒருவர் அவளருகே அமர்ந்தார். ஒரு பிடி சோற்றுக்கு ஒரு மணி நேரம் சென்ற நாட்களும் உண்டு. அவர்கள் ஏசவுமில்லை; எழுந்து போகவுமில்லை. நிறை கூடிய பின்னரும் அச்சம் உடனே அகலவில்லை. பழைய சிரிப்பு மீள ஓராண்டுக்கு மேலாயிற்று.

உணவு முதலில், மனம் பின்னர் என்ற இவ்வொழுங்குக்குக் காரணம் உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆடவரை அன்செல் கீஸ் என்ற அறிஞர் ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் சிடுசிடுத்தனர், சோர்ந்தனர், தனிமையை நாடினர், ஓயாது உணவையே நினைத்தனர். பட்டினியே மனத்தைத் திரித்துவிடும் என்பது தெளிவாயிற்று. பசித்த மூளைக்குப் புத்திமதி ஏறாது.

பெற்றோர் மீது வைக்கும் நம்பிக்கையும் வீணன்று. இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையினர் 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளவயதில் நோயுற்று, மூன்றாண்டு கடவாதவர்க்குக் குடும்பத்தையும் சேர்த்து அளித்த சிகிச்சையே கூடிய பயன் தந்தது என அது காட்டிற்று. கல் விலக்கிய தாய் தந்தையர், நூறாண்டின் பின் வைத்தியரின் துணைவராயினர்.

பெற்றோரே, பிள்ளை உணவை ஒளிக்கின்றாளா? மாதவிடாய் நின்றுவிட்டதா? மயங்கி விழுகின்றாளா? காலந் தாழ்த்தாது வைத்தியரை நாடுங்கள். இந்நோய் உயிரையும் கொள்ளும். மாணவியரே, தோழியின் உடலைப் பற்றிப் பரிகாசமும் வேண்டா, புகழுரையும் வேண்டா. தேறி வருபவளிடம் “இப்போது நன்றாகச் சதை பிடித்திருக்கின்றாய்” என்று அன்பாகச் சொல்லும் சொல்லும் அவளை மீண்டும் பட்டினிக்குத் தள்ளக்கூடும். அவளருகே அமர்ந்து உங்கள் உணவை உண்ணுங்கள். வேறு கதை பேசுங்கள். அதுவே பேருதவி.